ஏர் எடுப்பது

பாளையம் டோல்கேட் வரிசையில்
முன்னால் ஒரு வைக்கோல் லாரி.
பெடலை மிதித்தபடி நின்றாள் சாலம்மா.
மிதித்த கால் மிதித்த இடத்தில் நிற்கவில்லை.
தூக்கம் வந்தவள் தலைபோல
மெல்ல மெல்லக் கீழே போனது.
ஆம்னி ஒரு முழம் நகர்ந்தது.
சட்டென்று கைப்பிரேக்கை இழுத்தாள்.
பக்கத்துச் சீட்டில்தான் இருந்தேன்,
பின்னால் எழுபது பெட்டி நிப்பட்டு.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
மார்ச்சிலிருந்து
நாங்கள் சொல்லிக்கொள்வதில்லை.

காவேரிப்பட்டணம் திரும்பியதும்
நாலு சக்கரத்தின் உள்பக்கமும் தடவிப் பார்த்தேன்.
வறண்ட விரல்.
டப்பாவில் ஆயில் கோட்டைவிட்டு இறங்கவில்லை.
போனில் இம்தியாஸ் சிரித்தான், பின்னால் கல்யாண மேளம்:
"உள்ளேயே ஒழுகுது அக்கா. பக்கெட் போயிருக்கும்.
அமுக்க அமுக்க அதைத் தாண்டிப் பின்னாடி போயிடும்,
வெளிய ஒரு சொட்டு வராது."

எங்கள் நோட்டும் அப்படித்தான்.
கூட்டல் சரி, கழித்தல் சரி,
ஆறாயிரம் மட்டும் இல்லை.
என் நாத்தனார் என்னைப் பார்த்தாள்.
நான் அவளைப் பார்த்தேன்.
அன்றோடு சரி.

கிட் போட்டால் போதுமா என்றால்
உள்ளே விரலை விட்டுப் பாருங்கள் என்றான்.
விட்டேன்.
நொய் ஒட்டிய பானைபோலச் சொரசொரப்பு.
எந்தப் புதுப் பக்கெட்டும் அதில் ஒரு வாரம் தாங்காது.
பழையபேட்டைக்குப் பஸ் ஏறி
முழுச் சிலிண்டராகவே வாங்கி வந்தேன்,
சீல் உடைக்காத ஆயில் ஒரு பாட்டிலும்.
அலமாரியில் பாதி பாட்டில் இருந்தது.
திறந்து வைத்தது காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும்.
ஊற்றவில்லை.

புதுசை வைஸில் கட்டி
இரண்டு ட்யூபையும் அதன் டப்பாவுக்கே திருப்பிவிட்டு
ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன்.
சட்டியில் விழுந்த மாவுபோலக் குமிழ்கள் பொங்கின.
குமிழ் அடங்கினால் வெந்தது என்று அர்த்தம்.
இங்கும் அதே பதம்.

கழற்றும்போது சிந்திய சொட்டு
பம்பரில் வெள்ளைப் பெயிண்டைத் தின்றது.
தண்ணீர் ஊற்றிக் கழுவியும் தழும்பு போகவில்லை.
நட்டு இரண்டு, பைப் இரண்டு,
நெளிந்த பைப்பில் மரை பிடிக்க அரைமணி.

அதுவரை தனியாள் வேலை.
ஏர் எடுக்க ஒரு கால் வேண்டும்.
நான் கூப்பிடவில்லை.
விளக்கைக் கதவில் மாட்டி
பின் இடது சக்கரத்தடியில் படுத்தேன்.
அதுதான் தூரம், அதில்தான் தொடங்க வேண்டும்.
சீட் கிறீச்சிட்டது.
செருப்பைக் கழற்றிப் போடும் சத்தம்.

மிதி.
மிதிச்சேன்.
பிடி.
பிடிச்சிருக்கேன்.
நிப்பிளைத் திறந்தேன். இருமிக்கொண்டு வந்தது நுரை.
நான் மூடும் முன் அவள் காலை எடுத்தால்
போன காற்று அத்தனையும் திரும்பி ஏறும்.
எடுக்கவில்லை.
விடு.
விட்டாச்சு.

நாலு மாதத்தில் எங்கள் முதல் பேச்சு.
சக்கரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு முறை.
மூன்றாம் சக்கரத்தில் நான் சொல்லும் முன்பே மிதித்தாள்.
நாலாவதில்,
"டப்பாவுல ஆயில் கொறையுது, ஊத்தட்டுமா?" என்றாள்.
ஊத்து என்றேன்.
ஆறாயிரத்தைப் பற்றி அவளும் கேட்கவில்லை,
நானும்.

விடியும் முன் தொப்பூர் இறக்கம்.
இரண்டாம் கியர்.
வளைவுக்கு வளைவு டயர் கருகும் வாடை,
எங்களுடையதல்ல.
பெடல் மேலேயே நின்றது, கல்போல.
அவள் சாலையைப் பார்த்து ஓட்டினாள்.
திடீரெனச் சிரித்தாள்.
குனிந்து பார்த்தேன்:
என் வலது கால்
மேட் கசங்கக் கசங்க
தரையை மிதித்துக்கொண்டிருந்தது.